யாரையும் உள்ளே விடாதே

"எதை முதல்ல படிக்கணும்? இந்த ஒரு கேள்விக்கு ஊர்ல ஒருத்தனாவது உருப்படியா பதில் சொல்லுதானா மேடம்?"

ஏசுவடியான் சார் இன்னும் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. வந்த வேகத்திலேயே கொட்டிவிட்டார்.

ஃபௌசியா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். பாளையங்கோட்டையில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் காவல் அவள் பொறுப்பு. வயது முப்பதைத் தொடவில்லை. எதிரே நிற்பவருக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் குரு அவள்தான், சீடர் அவர்தான். இந்தத் தொழிலில் நரைக்கு மரியாதை உண்டு, மார்க் கிடையாது.

அவர் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, இந்தப் பக்கம் இறங்கிவிட்டார். இப்போது ஃபௌசியாவிடம் ஒரு மாதத் தற்காலிகம். மாதக் கடைசியில் அவள் 'இருக்கட்டும்' என்றால் வேலை. இல்லையென்றால் மறுபடியும் வீடு.

"என்ன சார் ஆச்சு?"

"கம்ப்யூட்டரைக் கழத்தி மாட்டப் படிச்சு முதல்ல ஏ பிளஸ் எழுதுங்கான் ஒருத்தன். அது வீண், கம்ப்யூட்டரை ஒண்ணோட ஒண்ணு சேக்கப் படி, நெட்வொர்க் பிளஸ் எழுதுங்கான் இன்னொருத்தன். ரெண்டும் வேண்டாம், நேரா செக்யூரிட்டி பிளஸ்ங்கான் யூடியூப்ல ஒரு தாடிக்காரன். எங்க அக்கா மகன் கிளவுடுங்கான். ஆளாளுக்கு ஒரு வரிசை!"

"நீங்க எதைப் படிச்சீங்க?"

"எத்திக்கல் ஹேக்கிங். பூட்டை உடைக்கத் தெரிஞ்சவன்தான் நல்லாப் பூட்டுவான்னு அந்த இன்ஸ்டிட்யூட்ல சொன்னாங்க. நம்பிப் படிச்சேன். சர்டிபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டியும் வச்சிருக்கேன். இன்டர்வியூவுக்குப் போனா ஒரு பொடிப்பய என் மூஞ்சிக்கு நேரா, கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்ங்கான். என் வயசென்ன, அவன் வயசென்ன!"

நியாயமான கோபம்தான். ஆசை காட்டி விற்றவன் ஏசி அறையில் சுகமாக இருக்கிறான். நம்பி வாங்கிய மனுஷர்தான் படியேறிப் படியேறித் திட்டு வாங்கினார்.

"ஆஸ்பத்திரி செலவுல ஒரு பரீட்சை எழுதலாம்னு சொல்லியிருக்கீங்க. எதை எழுத? நீங்களாவது சொல்லித் தொலைங்க மேடம்."

ஃபௌசியா ஒரு துண்டுத் தாளில் சில எண்களைக் கிறுக்கி நீட்டினாள்.

"பழைய கட்டடத்துல ஒரு மெஷின் இருக்கு. பழகுறதுக்குன்னு போட்டு வச்சிருக்கேன். இங்க உக்காந்தே அதுக்குள்ள போங்க. வேண்டாத ஆள் யாரும் நுழையாதபடி காவல் போடுங்க. முடிச்சுட்டு வந்து கேளுங்க, பதில் சொல்லுதேன்."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாளில் வேலை என்று சொல்லும்படி ஒரு வேலை!

ஃபயர்வால் என்பது ஒரு வாசல்காவலன். நாம் எழுதிக் கொடுக்கிற உத்தரவுகளை மேலிருந்து கீழே படிப்பான். வருகிற ஆளுக்கு எந்த வரி முதலில் பொருந்துகிறதோ அதோடு நிறுத்திக்கொள்வான். அடுத்த வரியை எட்டிக்கூடப் பார்க்க மாட்டான்.

இதெல்லாம் ஏசுவடியான் சாருக்குத் தலைகீழ்ப் பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறார்.

காவல் என்றால் முதலில் கதவை அடைப்பதுதானே? அடைத்தார். முதல் வரியை எழுதினார்.

யாரையும் உள்ளே விடாதே.

எண்டரைத் தட்டினார்.

அடுத்த வரி, 'என்னை மட்டும் விடு'. அதை அடிக்கத் தொடங்கினார். திரையில் ஒரு எழுத்தும் விழவில்லை.

இன்னும் பலமாக அடித்தார். தன் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். மறுபடி அந்த மெஷினுக்குள் நுழையப் பார்த்தார். அது அவரை யாரென்றும் கேட்கவில்லை.

"மேடம், உங்க நெட்வொர்க் படுத்துருச்சு."

"என் நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அந்த மெஷின் செத்துப்போச்சு."

"உயிரோடதான் இருக்கு. சொன்னதைச் செய்யுது. என்ன சொன்னீங்க அதுகிட்ட?"

சொன்னார். சொல்லும்போதே காது சூடாயிற்று.

"யாரையும்னா, அதுல நீங்களும் உண்டுலா சார்?"

"அடுத்த வரியில என் பேரைப் போடத்தான் இருந்தேன். அதுக்குள்ள அது அவசரப்பட்டா நான் என்ன செய்ய?"

"அதுவா அவசரப்பட்டுச்சு?"

"இது ஏமாத்து வேலை மேடம். நான் இப்படி மாட்டுவேன்னு தெரிஞ்சுதான் குடுத்திருக்கீங்க!"

"ஆமா. தெரிஞ்சுதான் குடுத்தேன்." ஃபௌசியா எழுந்துவிட்டாள். "இது சும்மா கிடக்க மெஷின். இதே கூத்தை அவசரப் பிரிவு மெஷின்ல பண்ணியிருந்தா? உள்ள ஒரு உசிரு கிடந்து, வெளிய டாக்டர் நின்னுக்கிட்டு இருந்தா? உங்க ஃப்ரேமைக் காட்டியா திறப்பீங்க?"

அவளுக்கும் கோபம் வரும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் போட்டாள்.

"பழைய கட்டடம், மாடியில கடைசி ரூம். நேர்ல போய்ச் சரி பண்ணிட்டு வாங்க."

"நேர்லன்னா?"

"மெஷின் முன்னாடி நின்னு."

நல்ல உச்சி வெயில். போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அங்க ஒரே மாதிரி அஞ்சு பெட்டி இருக்கு. எது நம்மது?"

"தாள்ல ஒன்பதுன்னு எழுதியிருக்கேம்லா. வயரெல்லாம் வந்து சேருத தட்டைப் பெட்டி, அதான் சுவிட்சு, அதுல ஒன்பதாம் நம்பர்ல சொருகியிருக்க வயரைப் பிடிச்சுட்டே போங்க."

போனார். மறுபடி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"வயரெல்லாம் இடியாப்பமாச் சிக்கிக் கிடக்கு. பெட்டிக்குத் திரையும் இல்ல, கீபோர்டும் இல்ல. நான் காவல் வேலைக்கு வந்தேனா, கேபிள் டிவி வேலைக்கு வந்தேனா?"

"அதை அந்தப் பெட்டிகிட்டயே கேளுங்க சார்."

அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

அந்த அறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்டிட்யூட்காரனைத் திட்டினார். தாடிக்காரனைத் திட்டினார். அக்கா மகனைத் திட்டினார். கடைசியாக ஃபௌசியாவையும் திட்டினார். பெட்டிகள் பாட்டுக்குக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு இருந்தன.

திட்டித் தீர்ந்ததும் ஒன்பதாம் நம்பர் வயரைப் பிடித்தார். ஒவ்வொரு சிக்காக எடுத்துவிட்டுக்கொண்டே போனார். அது கீழ்ப்பெட்டியில் போய் முடிந்தது.

மூலையில் தூசி படிந்து ஒரு பழைய திரையும் கீபோர்டும் கிடந்தன. தூக்கி வந்தார். திரையின் வயரை ஒரு துளையில் வைத்து அழுத்தினார், போகவில்லை. திருப்பி அழுத்தினார், அப்போதும் போகவில்லை. பக்கத்துத் துளையில் வைத்தார். சொல்லிவைத்தாற்போல உட்கார்ந்தது. கீபோர்டையும் சொருகினார்.

திரை வெளுத்தது.

அவர் எழுதிய வரி அங்கே தன்னந்தனியாக நின்றது. யாரையும் உள்ளே விடாதே.

ஏசுவடியான் சார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் வழியை விழுங்கிவிட்டு விடையை மட்டும் எழுதுகிற பிள்ளைகளை அவர் விட்டதே இல்லை. சிவப்பு மையில் பெரிய முட்டையாகப் போடுவார். "விடை சரியாத்தானே சார் இருக்கு" என்று அப்பன்மார் சண்டைக்கு வருவார்கள். "வழி எங்க?" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

வெட்கமாக இருந்தது. பிறகு, ஆளில்லாத அந்த அறையில், அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வரியை அழித்தார். முதலில், உள்ளே வர வேண்டிய ஆளை எழுதினார். அதற்குக் கீழே கதவை அடைத்தார்.

அவர் திரும்பி வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. ஃபௌசியா அவர் கைகளைப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் தூசி.

"என்ன சார் சொல்லுச்சு மெஷின்?"

"முட்டை போட்டுருச்சு மேடம்."

அவள் சிரிக்கவில்லை. "சரி, இப்பக் கேளுங்க. பதில் சொல்லுதேன்னேம்லா."

 

அவர் சாவியை மேசைமேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"இது எனக்கு நாளைக்கும் வேணும் மேடம். மிச்சம் நாலு பெட்டியையும் கழத்திப் பாக்கணும்."

"எடுத்துக்குங்க."

"மாசக் கடைசியில திருப்பிக் குடுத்துருதேன்."

"ஏன்?" என்றாள் ஃபௌசியா. அவளுக்கு மறுபடியும் கோபம் வந்துவிட்டது. "எங்க போறீங்க?"