அறுப்பு நேரத்துக் கப்பல்

ஒரு ஊர்ல பூவாயின்னு ஒரு பொம்பளை இருந்தா. புருஷன் இல்லை, ஒரு துண்டு நெலம் இருந்துச்சு, அதுல நெல்லு போட்டுப் பொழைச்சா. ஒரு வருசம் மழையே இல்லை, ஊரே பட்டினி. ராஜா அக்கரைச் சீமையிலேருந்து கப்பல்ல அரிசி வரவழைச்சாரு. பூவாயியும் அதைத்தான் கஞ்சி காய்ச்சிக் குடிச்சா. பொய் சொல்லக் கூடாது, அன்னைக்கு அதுதான் உசுரைக் காப்பாத்துச்சு.

மறுவருசம் நல்ல மழை, நெல்லு வெளைஞ்சு தலை சாய்ஞ்சு கெடக்கு. அப்பவும் கப்பல் வருது! ஏன்? கப்பல்காரன் மந்திரியோட மச்சினன். "மகாராஜா, அரிசி மலிவா கெடைச்சா சனங்க உங்களை வாழ்த்தும்"னு மந்திரி சொன்னான், ராஜாவும் தலையாட்டிட்டாரு.

பூவாயி வண்டியில மூட்டை ஏத்திக்கிட்டுச் சந்தைக்குப் போனா. "கப்பல் அரிசி இருக்கு, உன் நெல்லு யாருக்கு வேணும்?"னாங்க, திரும்பி வந்தா. அடுத்த வருசமும் போனா, அதையே சொன்னாங்க, திரும்பி வந்தா. அதுக்கடுத்த வருசமும் போனா, அதே பேச்சு, வர்ற வழியில வண்டியை நிறுத்திட்டு ஓன்னு அழுதா. அப்புறம் கண்ணைத் தொடைச்சிக்கிட்டு, "இனிமே என் வயித்துக்கு மட்டும் வெதைக்கிறேன்"னுட்டா. ஊரே அப்படித்தான் செஞ்சுது. பாதி நெலத்துல கோரை மண்டிப் போச்சு.

கேக்குறீங்களா, தூங்கிட்டீங்களா? அக்கரைச் சீமையில வெள்ளம் வந்துச்சு. "எங்க சனத்துக்கே அரிசி இல்லை"ன்னு அந்த ராஜா கப்பலை நிறுத்திட்டாரு. இங்க அரண்மனையில உலை கொதிக்குது, போட அரிசி இல்லை. ராஜா மந்திரியையும் கூட்டிக்கிட்டுப் பூவாயி வாசல்ல வந்து நின்னாரு.

"அம்மா, நெல்லு இருக்கா?"

"வெதை நெல்லு இருக்கு, அதைத் தர மாட்டேன். கேவுரு கூழு ஊத்துறேன், உக்காருங்க மகாராஜா."

ராஜா கூழைக் குடிச்சிட்டு, "ஏம்மா எல்லாரும் நெல்லு போடறதை விட்டுட்டீங்க?"ன்னாரு.

"போட்டோம், யாரு வாங்குனா? பஞ்சத்துல கப்பல் வரட்டும், கும்பிடறோம். நாங்க அறுக்கிற நேரத்துல வந்தா எங்க போவோம்? மந்திரிக்கு மச்சினன் கப்பல் இருக்கு, எங்களுக்கு நெலந்தானே இருக்கு?"

"மச்சினனா?"ன்னு ராஜா திரும்பிப் பாத்தாரு. மந்திரி தலையைக் குனிஞ்சுகிட்டான்.

வெளைச்சல் பொய்ச்சா மட்டுந்தான் இனி கப்பல்னு ராஜா உத்தரவு போட்டாரு. மந்திரி வேலை போச்சு. கோரை மண்டின நெலத்துல ஒண்ணைக் காட்டி, "இதுல வெளைச்சு, வித்துப் பொழைச்சுக்கோ"ன்னுட்டாரு. பூவாயிதான் அவனுக்கு வெதை குடுத்தா. அவனும் கோரை புடுங்கினான், நாத்து நட்டான், களை எடுத்தான், முதுகு ஒடிஞ்சு போனான்.

அறுப்பு அன்னைக்கு யாரோ, "கடல்ல பாய்மரம் தெரியுது!"ன்னு கத்துனாங்க. அக்கரையில வெள்ளம் வடிஞ்சதும், இங்கத்த உத்தரவு தெரியாத மச்சினன் அரிசியோட வந்துட்டான். மந்திரி அருவாளைப் போட்டுட்டுக் கரைக்கு ஓடினான், தலைத்துண்டை அவுத்து வீசினான். "வராதே! திரும்பிப் போ! எங்க நெல்லு சந்தைக்குப் போகணும்!"

துறைக் காவக்காரங்களும் மறிச்சாங்க. மச்சினன் கப்பல்லேருந்து எட்டிப் பாத்து, "யாருடா அந்தக் குடியானவன், இந்தக் கத்துக் கத்துறான்?"னு கேட்டுட்டு, கப்பலைத் திருப்பிட்டான்.

பூவாயி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை, மிச்சக் கதிரை அறுத்தா. அந்த வருசம் சந்தைக்குப் போன வண்டி வெறும் வண்டியாத்தான் திரும்பிச்சு.

கப்பல் கடலுக்குப் போச்சு, நெல்லு குதிருக்குப் போச்சு, நீங்க பாய்க்குப் போங்க.