ஒரு உழக்கு உப்பு

மலையேறுகிறவர்களுக்கு மத்தியானம் சோறு போடுகிற மடம் அது. அன்றைக்குச் சாம்பாரில் உப்பு கரித்தது.

ஓசிச் சோற்றில் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? எல்லாரும் பேசாமல் சாப்பிட்டார்கள். தண்ணீர்ப் பானைகள்தான் சீக்கிரம் காலியாயின. சமையல் பார்க்கும் தவசிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசிப் பந்தியில் ஒரு பெண், பிள்ளைக்கு ஊட்ட வேண்டிய சோற்றைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபிறகு அவரால் அடுப்படியில் நிற்க முடியவில்லை.

நேரே சாமியிடம் போனார். இவர் சீடர், அவர் குரு. வயதில் மட்டும் சீடர் மூத்தவர். அதனால் சாமி அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"அடுப்படிச் சாவியப் பிடிங்க சாமி. என்னால முடியல."

"என்னாச்சு அண்ணாச்சி?"

"யாரோ புண்ணியவான் தூள் உப்பு கொண்டாந்து இறக்கியிருக்கான். கல்லுப்புன்னு நெனச்சு அதே உழக்கால அளந்து போட்டுட்டேன். இது தெரியாதவனா நான்? அசதியில கை தப்பிட்டு."

சாமி சாவியை வாங்கிப் பக்கத்தில் வைத்தார்.

"இனி வாரவன் எல்லாத்தையும் நிறுத்தே போடட்டும். ஒரு உழக்கு உப்பு எத்தனை கிராம்னு சொல்லிட்டுப் போயிருதேன்."

"எந்த உப்பு?"

சாமி எழுந்து போய்த் தராசையும் இரண்டு உப்புச் சாடிகளையும் கொண்டுவந்தார். ஒரு தட்டில் ஒரு உழக்கு கல்லுப்பு. மறு தட்டில் ஒரு உழக்கு தூள் உப்பு. தூக்கிப் பிடித்ததும் தூள் இருந்த தட்டு கீழே இறங்கியது.

"அளவு ஒண்ணுதானே அண்ணாச்சி?"

"அளவு ஒண்ணுதான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல சந்து இருக்கும் சாமி. தூளு சந்து விடாம அடைஞ்சுக்கிடும்."

சாமிக்குக் கை வலிக்குமே என்று தவசிமுத்து தராசை வாங்கிக் கீழே வைத்தார். போகிறேன் என்று வந்தவருக்கும் அந்தக் கவலை விடவில்லை, பாவம்.

"மடத்துல வேலை கூடிப்போச்சா?"

"இல்ல. அதே அண்டா, அதே பந்திதான். ஆனா முன்னாடி இந்த அசதி கிடையாது. இப்போ சாயங்காலம் உக்காந்தா எந்திரிக்க முடியல."

"சோத்தை அலசுனாளே, அந்தப் பொண்ணு எந்த ஊரு?"

"கேக்கல சாமி."

"முன்னாடி எல்லாரையும் கேப்பீங்க."

"அப்போ, சாம்பார் கொதிக்கட்டும்னு விட்டுட்டு வாசல்ல வந்து நிப்பேன். மலையப் பாப்பேன். வாரவங்க போறவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசுவேன். இப்போ அந்த நேரத்துல நாளைக்கு வேண்டிய காய நறுக்கிருதேன்."

"அப்போ நாளைக்கு வேலை மிச்சம்."

"எங்க மிச்சம்? நாளைக்கு உக்காந்து மறுநாளைக்கு வேண்டிய காய நறுக்குவேன்."

சொன்னதுமே அவர் கண் தராசில் அடைந்து கிடந்த தூள் உப்புப் பக்கம் போயிற்று.

சாமி சாவியை எடுத்து அவர் கையில் திரும்ப வைத்தார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணாச்சி. வாசலுக்குப் போயி, மலை இருக்கான்னு பாத்துட்டு வாங்க."