நூறு வாட்ஸ் முட்டை

தலையாட்டிப்பட்டியில் கோழி வளர்ப்போர் சங்கம் என்று ஒன்று உண்டு. உறுப்பினர்கள் மூன்றே பேர், மூவருமே பதவியில் இருப்பவர்கள். தலைவர் கொம்பையா, செயலாளர் சங்கிலி, பொருளாளர் முத்திருளன். டவுனிலிருந்து முட்டை பொரிக்கும் மின்சாரப் பெட்டி ஒன்றை வரவழைத்து, அதற்கு மாலை போட்டு, உட்கார நாற்காலியும் கொடுத்திருந்தார்கள்.

குருவம்மாவின் கறுப்புக் கோழியைக் கீரி பிடித்துவிட்டது. கோழி விட்டுப்போன முட்டைகளைச் சேலைத் தலைப்பில் ஏந்திக்கொண்டு சங்கத்துக்கு ஓடிவந்தாள்.

"அதோட வம்சமே இதுலதான் இருக்கு அண்ணே. எப்படியாவது பொரிச்சுக் குடுங்க."

பார்க்கவே பாவமாக இருந்தது. உடனே முட்டைகளைப் பெட்டிக்குள் வைத்துச் சுவிட்சைப் போட்டார்கள். வெகுநேரமாகியும் சூடு ஏறவில்லை. பெட்டி செய்த மெக்கானிக் தாமஸுக்குத் தலைவர் போன் போட்டார்.

"கூடக் குடுத்த மீட்டர்ல பாருங்க. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினா வாட்ஸ். நூறு வந்தாத்தான் குஞ்சு பொரிக்கும். வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா ரெசிஸ்டன்ஸ். அது ஜாஸ்தியா இருந்தா சூடு ஏறாது" என்றார் தாமஸ்.

அவசரக் கூட்டம் கூடியது. மீட்டர் இருநூறு வோல்ட், கால் ஆம்பியர் காட்டியது. தலைவர் பெட்டியின் மேலேயே சாக்பீஸால் கணக்குப் போட்டார். பெருக்கினால் ஐம்பது. வகுத்தால் எண்ணூறு.

"ஐம்பது எங்க, எண்ணூறு எங்க! இந்த எண்ணூறை எப்படிய்யா தொலைக்கிறது?"

சங்கிலி ஆழமாக யோசித்தார். "வகுத்ததாலதானே தலைவரே அது வந்துச்சு? சும்மா இருந்திருந்தா வந்திருக்குமா?"

எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. எண்ணூறை எச்சில் தொட்டு அழித்தார்கள். இனிமேல் சங்கத்துக்குள் யாரும் வகுக்கக் கூடாது என்று தீர்மானமும் நிறைவேறியது.

ஆனாலும் ஐம்பது வாட்ஸ் குறைகிறதே!

"இது நான் ஒருத்தன் பெருக்கினது. நீயும் பெருக்கு" என்றார் தலைவர். சங்கிலி பெருக்கினார், அவருக்கும் ஐம்பது வந்தது. ஆக நூறு. கைதட்டல் ஓய்வதற்குள் முத்திருளன், "நானும் போட்டுட்டேன்" என்றார்.

"அடப்பாவி! நூத்தம்பதாயிருச்சே! முட்டை அவிஞ்சு போகும், அழிய்யா!"

"என் கணக்குன்னா மட்டும் இளக்காரம்" என்று முனகிக்கொண்டே முத்திருளன் அழித்தார்.

குருவம்மா முட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் சில்லுனுதானே இருக்கு அண்ணே?"

"கணக்குல நூறு வந்திருச்சு தங்கச்சி. முட்டைக்குத்தான் இன்னும் தகவல் போகல."

அவள் முட்டைகளை அள்ளிக்கொண்டு போய், பக்கத்து வீட்டில் அடைகிடந்த கோழிக்கு அடியில் வைத்தாள். நாள் வந்ததும் அத்தனையும் கீச்கீச்சென்று வெளியே வந்தன. ஒன்று தாயைப் போலவே கன்னங்கரேல். அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள்.

சேதி கேட்டுச் சங்கம் மீட்டரோடு ஆய்வுக்கு வந்தது. தலைவர் அடைக்கோழியைப் பிடித்துக்கொள்ள, சங்கிலி ஒரு ஒயரை அலகிலும் இன்னொன்றை வாலிலும் வைத்தார். வோல்ட் பூஜ்யம், ஆம்பியர் பூஜ்யம். இந்தத் தடவை முத்திருளனையும் பெருக்கச் சொல்லி, மூன்றையும் கூட்டிப் பார்த்தார்கள். மொத்தம் பூஜ்யம்.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தங்கச்சி, உன் முட்டை எதுவும் இன்னும் பொரிக்கல."

"அப்ப இங்க ஓடுறதெல்லாம் என்னவாம்?"

"அவசரப்பட்டு வெளிய வந்துருச்சு" என்ற கொம்பையா, குப்பையில் கிடந்த ஓடுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். "முத்திருளா, ஓடிப்போய்க் கோந்து வாங்கிட்டு வா. நூறு வாட்ஸ் வர்ற வரைக்கும் எல்லாம் உள்ளேயே இருக்கட்டும்."