முற்றத்தை மூடச் சொன்ன ராஜா

முன்னொரு காலத்தில் வெண்ணாற்றூரைச் சிங்கமுத்தரசர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனசுக்காரர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவருடைய மந்திரி மருதவாணர், யோசித்துவிட்டு வாயைத் திறக்கிறவர். அரண்மனை அலங்கார அதிகாரி தாண்டவராயரோ, வாயைத் திறந்துவிட்டு யோசிக்கிறவர். சில நாள் யோசிக்கவும் மறந்துவிடுவார்.

மருதவாணர் ஒரு வீடு கட்டினார். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தேக்குத் தூண் வைத்த தாழ்வாரம், முற்றத்தைப் பார்த்துச் சரியும் ஓட்டுக் கூரை, கூடத்தில் ஊஞ்சல். எந்த அறையில் நின்றாலும் வெளிச்சம், காற்று. புதுமனை விருந்துக்கு வந்த ராஜா ஊஞ்சலை விட்டு இறங்க மாட்டேன் என்றார்.

"மந்திரியாரே, வீடு என்றால் இதுதான் வீடு!"

அலங்காரம் என்றால் நாம்தானே என்றிருந்த தாண்டவராயருக்கு வயிறு எரிந்தது. இருந்தாலும் பந்தியில் உட்கார்ந்தார். தாழ்வாரத்தில் இலை போட்டார்கள். ராஜா பெரிய அப்பளமாகப் பார்த்து ஒன்றை எடுத்து, கடைசியில் சாப்பிடலாம் என்று ஓரமாக வைத்தார். முற்றத்து வழியாக ஒரு காக்கை இறங்கியது. அப்பளத்தைக் கவ்வியது. வந்த வழியே போய்விட்டது.

பந்தியே அண்ணாந்து பார்த்தது. தாண்டவராயருக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது.

"பார்த்தீர்களா பிரபு! கூரையின் நடுவில் ஓட்டை விட்டு யாராவது வீடு கட்டுவார்களா? இன்றைக்கு அப்பளம். நாளைக்குக் கிரீடம்!"

அப்பளம் போன துக்கத்தில் இருந்த ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "ஊரில் உள்ள முற்றங்களை எல்லாம் பலகை அடித்து மூடுங்கள்! அரண்மனை முற்றம் மட்டும் இருக்கட்டும். நான் காலையில் கொட்டாவி விடுவது அங்கேதான்."

"பிரபு, வீட்டுக்கு வெளிச்சம்..." என்று ஆரம்பித்தார் மருதவாணர்.

"எதிர்த்துப் பேசுகிறாரே!" என்று குதித்தார் தாண்டவராயர். "பிரபு, ஒரு பந்தயம். இந்தக் கட்டளை தப்பு என்று தங்கள் வாயாலேயே மந்திரி சொல்ல வைக்கட்டும். ஆனால் கட்டளைக்கு எதிராக அவர் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பங்குனி முடிவதற்குள் முடியாவிட்டால் இந்த வீடு எனக்கு!"

பந்தயம் என்றால் ராஜாவுக்குச் சர்க்கரைப் பொங்கல். "அப்படியே ஆகட்டும்!"

ஆசையாகக் கட்டிய வீடு. மருதவாணர் தேக்குத் தூணை ஒரு முறை தடவிப் பார்த்தார். ஆனாலும் கைகூப்பி, "அருமையான கட்டளை பிரபு" என்றார்.

மறுநாளே பலகைகள் ஏறின. முதலில் மூடியது தாண்டவராயர் வீட்டு முற்றம். பங்குனி பிறந்தது, வெயில் ஏறியது. சபையில் மருதவாணர் பணிவாக எழுந்தார்.

"பிரபு, ஊரில் மூடாத முற்றம் தங்களுடையது ஒன்றுதான். வெயில் வேண்டும் என்கிறவர்கள் அங்கே வந்துபோகலாம் என்று தாங்கள் சொன்னால் ஜனங்கள் வாழ்த்துவார்கள்."

"வெயில்தானே! வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளட்டும்!" என்று ராஜா பெருமையாகக் கையை வீசினார். முரசு அறைந்து ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

பங்குனி வெயிலில் வெண்ணாற்றூர்ப் பெண்கள் என்ன செய்வார்கள் என்று ராஜாவுக்குத் தெரியாது, பாவம்.

அடுத்த நாள் காலை கொட்டாவி விட வந்தவர் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார். தெருவில் போட்டால் மாடு மேயும் என்று முற்றம் முழுக்க வேட்டி விரித்து வடாம் பிழிந்திருந்தார்கள். மிச்ச இடத்தில் மிளகாய், புளி, உப்பில் ஊறிய மாங்காய், புழுங்கல் நெல். தூணுக்குத் தூண் கொடி கட்டிப் புடவைகள். முற்றத்தை ஒட்டிய சபை மண்டபத்துப் படியில் ஒருத்தி தலைமுடி உலர்த்திக்கொண்டிருந்தாள். ராஜா ஒரு தும்மல் போட்டார். மிளகாய் நெடி.

"யாரது அங்கே நிக்கிறது? நிழல் விழுது, தள்ளி நில்லுங்க!" என்றது ஒரு குரல்.

"அம்மா, நான் ராஜா."

"ராஜா நிழல் பட்டா மட்டும் வடாம் காஞ்சிடுமா? சும்மாதானே நிக்கிறீங்க, இந்தக் குச்சியைப் பிடிங்க. காக்கா வருது பாருங்க!"

ராஜா குச்சியைப் பிடித்தார். பிடித்த பிறகு விட முடியவில்லை. ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் காக்கை இறங்கியது. "சூ! சூ!" என்று கிரீடம் சரியச் சரிய ஓடினார். அவரைப் பார்க்க வந்த அயல்நாட்டுத் தூதர்களைக் காவலர்கள் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள்.

மறுநாளும் அதே கூத்து. அதற்கும் மறுநாள் ராஜா களைத்துத் தூணில் சாய்ந்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு அம்மாள் வடாம் மாவோடு வந்தாள். தாண்டவராயரின் மனைவி வடிவாம்பாள். பின்னால் தாண்டவராயரே முறுக்குப் பிழியும் குழலைத் தூக்கிக்கொண்டு வந்தார். ராஜாவைக் கண்டதும் குழலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"உம் வீட்டிலுமா?" என்றார் ராஜா.

வடிவாம்பாள் முந்திக்கொண்டாள். "எங்க வீட்டிலே மத்தியானத்துக்கே விளக்கு ஏத்த வேண்டியிருக்கு மகாராஜா. அடுப்புப் புகை வெளியே போக வழியில்லை. நேத்து இருட்டிலே இவர் சர்க்கரைன்னு நினைச்சுப் பாயசத்திலே உப்பை அள்ளிப் போட்டார். இந்தக் கட்டளை யார் மூளையிலே உதிச்சதுன்னுதான் தேடிட்டிருக்கேன்!"

தாண்டவராயர் மெல்ல ராஜாவைப் பார்த்தார். ராஜா மெல்லத் தாண்டவராயரைப் பார்த்தார். மருதவாணர் ஓரமாக நின்று வானத்தைப் பார்த்தார்.

"மந்திரியாரே, ஏதாவது சொல்லுமே!"

"கட்டளைக்கு எதிராகவா பிரபு? ஒரு வார்த்தை பேசக் கூடாதே."

"நீர் பேச வேண்டாம், நானே சொல்கிறேன்! கட்டளை தப்பு! சுத்தத் தப்பு! எல்லா முற்றத்தையும் திறங்கள்! இந்த வடாமையும் மிளகாயையும் அவரவர் வீட்டுக்கே எடுத்துப் போங்கள்!" என்று கத்திவிட்டு ராஜா இன்னொரு தும்மல் போட்டார்.

ஊர் முழுக்கப் பலகைகள் இறங்கின. வீடு மருதவாணருக்கே நின்றது. கூடவே ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். தாண்டவராயருக்கும் ஒரு பதவி கிடைத்தது: வடாம் காயும் நாட்களில் மந்திரி வீட்டு முற்றத்தில் காக்கை விரட்ட வேண்டும். ராஜா பிடித்த அதே குச்சியை அவர் கையில் கொடுத்தார்கள்.

சித்திரையில் மறுபடியும் அந்த வீட்டில் விருந்து. அதே தாழ்வாரம், அதே இலை. கூரை ஓரத்தில் அதே காக்கை. ராஜா அதை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முற்றத்தை மூடச் சொல்லாமல், இடது கையால் அப்பளத்தை மூடிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.