வண்டியைச் சுமக்கும் வண்டி

கரட்டுநாட்டு ராஜா இடும்பவர்மருக்கு வேட்டைப் பைத்தியம். காட்டில் படுத்துத் தூங்க ஒரு வீட்டு வண்டி வைத்திருந்தார். கட்டில், மெத்தை, ஜன்னல், வெற்றிலைச் செல்லம் எல்லாம் அதற்குள்ளேயே. மேடு பள்ளத்தில் ஏறி இறங்க உயரச் சக்கரம் போட்ட காட்டு வண்டி ஒன்றும் உண்டு. ரெண்டும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. நல்லா ஓடுவதை நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? ஒருநாள் கடைத்தெருவில் வீட்டு வண்டிச் சக்கரம் எருமைச் சாணியில் இறங்கிவிட்டது. ராஜா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அந்தப் பசியோடு சபைக்கு வந்து சொன்னார். "இனிமேல் நான் ஏறுகிற எந்த வண்டியின் சக்கரமும் ஊர்ப்புழுதியில் படக்கூடாது. காடு வரைக்கும் ரெண்டு வண்டியையும் சுமந்துபோக ஒரு பெரிய வண்டி செய்யுங்கள். நான் மேலே வீட்டு வண்டிக்குள் படுத்துக்கொண்டே போவேன்."

வண்டியைச் சுமக்க ஒரு வண்டி. சபை மொத்தமும் தலையாட்டியது. ராஜாவுக்கு யோசனை சொல்லுவதே வேலையாக இருந்த திருமேனியும் சேர்ந்து ஆட்டினார். அங்கேதான் வந்தது வினை.

தளவாய் பூலோகம் எழுந்து நின்றார். ஒரு விருந்தில் திருமேனி, "போருக்கு முதலில் மீசை போகும், தளவாய் பின்னால் மெதுவாக வருவார்" என்று சொல்லி ராஜாவைச் சிரிக்க வைத்திருந்தார். அதை மனிதர் மறக்கவில்லை.

"மகாராஜா, அருமையான யோசனை. ஆனால் அவ்வளவு அகலமான வண்டி ராஜவீதியில் போகாது. ஒரே ஒரு வீட்டை இடித்தால் போதும். அது நம் திருமேனி வீடுதான். வண்டி வேலையையும் அவரே முன்னால் நின்று பார்க்கட்டுமே."

"ஆகட்டும். வெள்ளோட்டத்தன்று இடித்துவிடுங்கள்" என்றார் ராஜா.

கல்யாணமான புதிதில் திருமேனியும் மனைவி பவளமும் சேர்ந்து மண் மிதித்துக் கட்டிய வீடு அது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மாமியார் அங்கச்சி மட்டும் அசரவில்லை. அந்த அம்மாள் கோழியைக் கூப்பிட்டால் பக்கத்துத் தெருக் கோழிகளும் சேர்ந்து ஓடிவரும். அப்படி ஒரு தொண்டை. "இடிக்கட்டும் மாப்பிள்ளே. நான் பாயைச் சுருட்டிக்கிட்டுப் போய் எதிர்வரிசையில அந்த மீசைக்காரர் வாசல்ல படுத்துக்கிறேன். விடிய விடிய அவரோட பேச எனக்கு எவ்வளவோ இருக்கு."

எதிர்வரிசை என்றதும் திருமேனி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "அத்தை, அந்தப் பாயைக் கொஞ்சம் கொடுங்கள்" என்றார்.

வண்டி வேலை தொடங்கியது. இலுப்பை மரத்தில் அச்சு, ஆள் உயரச் சக்கரம், வண்டிகளை ஏற்றச் சாய்வுப் பலகை. முதல் தடவை காட்டு வண்டியைப் பின்னால் ஏற்றியதும் பின்பாரம் தாங்காமல் முன்பக்கம் ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டது. நுகத்தில் பூட்டிய காளைகள் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு ராஜாவுக்குக் கும்பிடு போடுவதுபோல் நின்றன. தச்சர்கள் தலையில் அடித்துக்கொண்டு, வீட்டு வண்டியை முன்னால் நகர்த்திப் பாரத்தைச் சரிசெய்தார்கள்.

வெள்ளோட்ட நாளும் வந்தது. மேளம் கொட்டினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். கடப்பாரை ஆட்கள் திருமேனி வீட்டு வாசலில் தயாராக நின்றார்கள். தளவாய் மீசையை நீவிக்கொண்டே வேடிக்கை பார்த்தார். ராஜா ஏணி வைத்து ஏறி, வீட்டு வண்டிக்குள் போய்ப் படுத்தார்.

வண்டி நகரவே இல்லை. ராஜா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "என்ன தாமதம்?"

கீழே திருமேனி அளவுக் கயிற்றோடு நின்றிருந்தார். "நகரக்கூடாது மகாராஜா. தாங்கள் ஏறிய வண்டியின் சக்கரம் புழுதியில் படக்கூடாது என்பது உத்தரவு. இப்போது இந்தப் பெரிய வண்டியிலும் ஏறிவிட்டீர்கள். அதனால்தான் சக்கரத்துக்கு அடியில் என் மாமியாரின் பாயை விரித்திருக்கிறேன். இதைச் சுமக்க இதைவிடப் பெரிய வண்டி ஒன்று செய்யச் சொல்லியாயிற்று."

ராஜா தலையைச் சொறிந்தார். "அது வந்தால் போகலாமா?"

"அதிலும் தாங்கள்தானே இருப்பீர்கள்? அதற்கு அடியில் இன்னொன்று வேண்டும். அதுவரைக்கும் தெரு அகலத்தை அளந்து வைப்போம். இந்த வண்டிக்கு என் வீடு போகிறது, சந்தோஷம். அடுத்த வண்டிக்கு எதிர்வரிசை."

சொல்லிக்கொண்டே கயிற்றை இழுத்துப் போனார். அது நேராகத் தளவாய் வீட்டுக் கூடத்துக்குள் போய் முடிந்தது. கடப்பாரை ஆட்கள் மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள்.

தளவாய்க்கு வேர்த்துவிட்டது. "மகாராஜா, சக்கரம் என்றால் புழுதி படத்தானே செய்யும்? இதற்குப் போய் இவ்வளவு பாடா?"

"அன்றைக்கு அருமையான யோசனை என்றீரே?" என்றார் ராஜா.

"அதற்கும் அடுத்த வண்டிக்கு," என்று திருமேனி கயிற்றை இன்னும் நீட்டினார், "மகாராணியின் அந்தப்புரம்."

ராஜா யாரும் கைகொடுக்காமலே ஏணியில் இறங்கி வந்துவிட்டார். மகாராணியிடம் அதைப் போய்ச் சொல்லுவது யார்? கொஞ்ச நேரம் கயிற்றையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடப்பாரை ஆட்களைக் கையசைத்துப் போகச் சொன்னார்.

"சரி ஐயா, நான் காட்டுக்கு எப்படித்தான் போவது?"

"காட்டு வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள் மகாராஜா. வீட்டு வண்டியை அதன் பின்னால் கட்டி இழுத்துப் போகலாம்."

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"அன்றைக்குத் தாங்கள் சாப்பிட்டிருக்கவில்லை."

ராஜாவுக்கு மறுபடியும் சிரிப்பு. "என்ன வேண்டுமோ கேளும், தருகிறேன்."

"இந்தப் பெரிய வண்டியைக் கொடுத்துவிடுங்கள் மகாராஜா."

"இதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்?"

திருமேனி தளவாயைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். "இனிமேல் யாராவது என் வீட்டை இடிக்கச் சொன்னால், வீட்டை இதில் தூக்கி வைத்துக்கொண்டு போய் அவர் வாசலிலேயே நிறுத்திவிடுவேன். மாமியார் உள்ளே இருக்கும்போதே."