பொக்கிஷதாரின் இரவல் காது

முன்னொரு காலத்தில், ஒரு நாட்டில், சுருட்டு நாற்றம் அடிக்காத சுவடியே இல்லாத கல்விச்சாலை ஒன்று இருந்தது. அங்கே பாடம் சொன்ன நாற்பது பண்டிதர்களும் சுருட்டை விடத் தவித்தார்கள். அரண்மனை விகடகவி தாண்டவன் மன்னரிடம் கெஞ்சி, அவர்களுக்காக ஒரு வைத்தியசாலை திறந்தான்.

வைத்தியம் எளிது. புகை ஆசை வந்தால் பண்டிதர் ஓடிவர வேண்டும். வைத்தியர் ஒரு துண்டு சுக்குக் கருப்பட்டி கொடுத்து, ஆசை அடங்கும்வரை அவர் பேச்சைக் கேட்க வேண்டும். சுருட்டை விட்டவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதிலும் பண்டிதர்கள்! அதைக் கேட்கவே மூன்று வைத்தியர்களுக்குச் சம்பளம்.

பொக்கிஷதார் உத்தண்டராயருக்குத் தாண்டவனைக் கண்டாலே வயிற்றெரிச்சல். "பிரபு, வெறும் பேச்சைக் கேட்க ஆண்டுக்கு நூறு பொன்னா? காது எல்லோருக்கும் இருக்கிறதே!" என்று சபையில் போட்டுக்கொடுத்தார்.

மன்னருக்கு அது பிடித்துப்போயிற்று. "தாண்டவா, இனி காசில்லாமல் நடத்து. முடியாவிட்டால் நாளையே பூட்டிவிடு!"

தாண்டவனுக்குப் பகீரென்றது. பூட்டினால் நாற்பது பேரும் மறுபடி சுருட்டுக்கே போவார்களே! ஆனாலும் வணங்கினான். "உத்தரவு, பிரபு. காது எல்லோருக்கும் உண்டென்று பொக்கிஷதாரே சொல்லிவிட்டார். அவர் காதை எனக்கு இரவல் தரவேண்டும்."

"தாராளமாக!" என்றார் மன்னர்.

மறுநாள் விடிந்ததும், தாண்டவன் அனுப்பிய தர்க்க பண்டிதர் புகை ஆசையோடு உத்தண்டராயர் வீட்டில் நின்றார். "கதவைத் திறந்தேன் என்கிறீரே, கதவு என்று ஒன்று உண்டென முதலில் நிரூபியும்!" அவர் போவதற்குள் இலக்கண பண்டிதர் வந்து, உத்தண்டராயர் வாய் திறக்கும்போதெல்லாம் பிழை திருத்தினார். சோதிட பண்டிதர் மணிக்கு ஒருமுறை அவர் ஆயுளைக் குறைத்தார். சாப்பிட உட்கார்ந்தால் இலைக்கு எதிரே நான்கு பேர்.

மூன்றாம் நாள் மன்னர் தாண்டவனோடு வேடிக்கை பார்க்கப் போனார். வீடு நிறையப் பண்டிதர்கள், வீட்டுக்காரரைத்தான் காணோம். கொல்லையில் வைக்கோல் போருக்குப் பின்னால் புகை கிளம்பியது. தீப்பிடித்துவிட்டதோ என்று ஓடிப்பார்த்தால், பிறந்ததிலிருந்து சுருட்டைத் தொடாத உத்தண்டராயர் இருமி இருமி இழுத்துக்கொண்டிருந்தார்!

"பிரபு, நூறென்ன, இருநூறு பொன் கொடுத்துவிடுங்கள்! இவர்களை மட்டும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்!"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருநூறு பொன்னுக்கு அங்கேயே ஆணையிட்டு, தம் மோதிரத்தைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டார்.

தாண்டவனுக்கு என்னவோ அந்த இருமலைக் கேட்கப் பாவமாக இருந்தது. சுருட்டை மெல்லப் பிடுங்கி அணைத்துவிட்டு, உத்தண்டராயர் கையில் ஒரு கருப்பட்டித் துண்டை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சொல்லுங்கள் ஐயா. என்னைத் திட்ட வேண்டுமானாலும் திட்டுங்கள். நான் கேட்கிறேன்."