வாய் திறக்காத வைத்தியர்

நெடுங்கரைப் பாளையத்து ராஜா பெத்தண்ண நாயக்கர் ஒரு வாரமாக அரியணையில் உட்காரவில்லை. நின்றபடியே வழக்கு விசாரித்தார், நின்றபடியே பாட்டுக் கேட்டார். “குடிமக்கள் மேல் என்ன மரியாதை!” என்று ஊரே உருகியது. அது மரியாதை இல்லை, மூல நோய். இந்த விஷயம் ராஜாவைத் தவிர விகடகவி திருமலைக்கொழுந்து ஒருவருக்குத்தான் தெரியும்.

தெரிந்துகொண்டதுதான் பாவம். “கொழுந்து, இது வெளியே போனால் சொன்னவன் நீதான். தலை இருக்காது” என்று ராஜா தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிட்டார். பத்து நாளில் இளவரசிக்குச் சம்பந்தம் பேச அடுத்த பாளையத்தார் வருகிறார்கள். அரியணையில் உட்கார முடியாத ராஜா என்று அவர்கள் சிரித்தால் மானம் கப்பலேறிவிடும்.

“அரண்மனைக்கு வைத்தியர் தேவை” என்று பொதுவாகத் தண்டோரா போட்டார்கள். தளவாய் வன்னியப்பர் தனக்கு வேண்டிய அம்பலவாணப் பண்டிதரைச் சபைக்குக் கூட்டி வந்தார். பண்டிதர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார்.

“கீழைச்சீமை ராணிக்குப் படர்தாமரை. மூணே நாள், போயே போச்சு! அவங்க அண்ணனுக்கு நாற்பது வயசிலேயும் படுக்கையை நனைக்கிற பழக்கம். ஒரே லேகியம், நின்னுடுச்சு!”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. ராஜாவுக்கும் வாயெல்லாம் பல். “கைராசிக்காரர்! இவரே இருக்கட்டும்.”

கொழுந்து அவசரமாக நெருங்கினார். ராஜாவின் காதில் கிசுகிசுத்தார். “கைராசி சரி, மகாராஜா. வாயையும் கொஞ்சம் பாருங்கள். அடுத்த ஊரில் இவர் மடக்கப்போகும் விரல் தங்களுக்கு.”

ராஜாவின் சிரிப்பு பட்டென்று நின்றது. கை தானாகப் பின்பக்கம் போனது.

அடுத்து வந்தவர் தெற்குத் தெருச் சங்கிலி வைத்தியர்.

“நீர் யார் யாரைக் குணப்படுத்தினீர்?” என்றார் ராஜா.

“நினைவில்லீங்க.”

“ஒரு பேர்கூடவா?”

“ஒண்ணுகூட இல்லீங்க.”

“ஆள் இருந்தால்தானே பேர் சொல்ல!” என்று தளவாய் கெக்கலி கொட்டினார்.

ராஜா கொழுந்தைத் தனியே இழுத்தார். “கை தெரிந்தவனுக்கு வாய் நிற்கவில்லை. வாய் நிற்கிறவனுக்குக் கை எப்படியென்று தெரியவில்லை. ஒரு நோயாளியின் பெயரும் வெளிவரக் கூடாது, ஆனால் இவர் கைராசி எனக்குத் தெரிய வேண்டும். இப்போதே காட்டு. இல்லையென்றால் பண்டிதர்தான். அப்புறம் உன் தலைக்கு நான் பொறுப்பில்லை.”

கொழுந்து கழுத்தைத் தடவிக்கொண்டார். பிறகு குறும்பாகச் சிரித்தார். “வைத்தியரே, வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வாரும். வழியில் இருக்கிற எல்லாப் பெரியவர்களுக்கும் ஒரு கும்பிடு போடும், போதும். ” பிறகு ராஜாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “மகாராஜா, நீங்கள் வைத்தியரைப் பார்க்காதீர்கள். சபையைப் பாருங்கள்.”

சங்கிலி வைத்தியர் நடந்தார். முன்பின் பார்த்திராதவர்களைக் கும்பிடுவது போல எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கும்பிடு. ஆனால் சபை நெளிந்தது! களஞ்சிய அதிகாரி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்; துடைத்துக்கொண்டே இருந்தார். புலவர் அண்ணாந்து கூரை உத்தரங்களை எண்ணினார். கோட்டைக் காவல் தலைவர் வாளை உருவித் துருப் பிடித்திருக்கிறதா என்று பார்த்தார். வைத்தியர் பக்கத்தில் வந்ததும், யாரும் கேட்காமலே தளவாய் கத்தினார்: “இந்த ஆளை நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை!”

ராஜா தாடையைச் சொறிந்தார். “எல்லோரும் இவரிடம் போயிருக்கிறார்கள், அது புரிகிறது. குணமானதா இல்லையா என்று எப்படிச் சொல்வாய்?”

“வலி இருந்தால் வைத்தியர் காலைப் பிடித்துக்கொள்வார்கள், மகாராஜா. வலி போனவன்தான் ஆளைத் தெரியாது என்பான்.”

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். குலுங்கியதில் வலித்தது. ஆனாலும் சிரித்தார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையைக் கொழுந்துக்குப் போர்த்திவிட்டார். பண்டிதருக்குத் தாம்பூலம் கொடுத்து வழியனுப்பினார்கள். வைத்தியம் அன்றே தொடங்கியது.

ஆனாலும் கொழுந்துக்குச் சோறு இறங்கவில்லை. மருந்து வேலை செய்கிறதா என்று ராஜாவிடம் கேட்கப் பயம். வைத்தியரிடம் கேட்டால் பதில் வராது.

பத்தாம் நாள் சம்பந்தக்காரர்கள் வந்தார்கள். ராஜா அரியணையில் உட்கார்ந்தார். வலிக்கிறதா இல்லையா என்று அந்த முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கொழுந்துக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த நேரம் பார்த்துச் சங்கிலி வைத்தியர் வாசலில் வந்து கும்பிட்டார்.

“யார் இவர்?” என்று கேட்டார் சம்பந்தி.

ராஜா வைத்தியரை ஏற இறங்கப் பார்த்தார்.

“யாரோ தெரியவில்லையே. நான் இவரைப் பார்த்ததே இல்லை.”

அப்பாடா என்று கொழுந்து மூச்சு விட்டார். மகாராஜாவுக்குக் குணமாகிவிட்டது!